கிளினிக் கொப்பியில் உள்ள நோயை மறுக்க நோயாளிக்கு உரிமை உண்டா?

கேள்வி: எனக்கு 27 வயது. ஒட்டுசுட்டானுக்கு அருகில் வசிக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு விரதத்துடன் சென்று, பகல் வெயிலில் சனக்கூட்டத்தின் நடுவே நின்றபோது மயங்கி விழுந்தேன். கை கால் இழுத்ததாக அம்மா சொன்னார். வைத்தியசாலையில் ஒரு நாள் வைத்திருந்து, வீட்டுக்கு விடும்போது தந்த அட்டையில் வலிப்பு நோய் என்று எழுதியிருந்தார்கள். கிளினிக்கில் சோடியம் வல்புரோயேட் குளிசை தொடங்கினார்கள். அதற்கு முன்பும் பின்பும் ஒரு தடவையேனும் எனக்கு அப்படி வந்ததில்லை. போன வருடம் யாழ்ப்பாணத்தில் தனியாகக் காட்டிய நரம்பியல் நிபுணர், இது சாதாரண மயக்கமாகவே தெரிகிறது என்றார். கிளினிக்கிலோ ஏற்கெனவே எழுதியதை மாற்ற முடியாது என்கிறார்கள். இப்போது கலியாணம் பேசிய இடத்தில் விடயம் தெரிந்து பேச்சு நின்றுவிட்டது. வைத்தியசாலையில் வேலை செய்யும் ஒருவர் மூலமே தெரிந்ததாம். கனடாவில் இருக்கும் அத்தான், அங்கென்றால் சட்டப்படி அழிக்க வைக்கலாம் என்கிறார். இந்தப் பதிவை நீக்க எனக்கு உரிமை இருக்கிறதா? குளிசையை நிறுத்தலாமா?
— வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்றவை சில மாதங்கள் பொறுக்கும், இது பொறுக்காது. குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால், உண்மையில் வலிப்பு நோய் உள்ளவருக்கு அடுத்தடுத்து வலிப்பு வரக்கூடும். அந்த நோய் உங்களுக்கு இல்லை என்பது இன்னும் ஒரு நிபுணரின் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. நிறுத்த வேண்டுமென்று முடிவானால், வைத்தியரின் கண்காணிப்பில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துவார்கள்.

அதே வேளை, இந்தக் குளிசையைப் பற்றி கிளினிக்கில் யாரேனும் உங்களிடம் விளக்கமாகப் பேசினார்களா என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. கருவுற்றிருக்கும் காலத்தில் சோடியம் வல்புரோயேட் எடுக்கும் தாய்மாரின் பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. 10 பேரில் மூவர் அல்லது நால்வருக்குப் பேச்சு, கற்றல் போன்ற வளர்ச்சிகளில் பின்னடைவு காணப்படுகிறது. பிரித்தானியாவில் 2018 முதல், கருத்தடை ஏற்பாடும் எழுத்து மூல விளக்கமும் இல்லாமல், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு இதைக் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் பதிவு சரியா பிழையா என்று தீர்த்துக்கொள்வதற்கு, நின்றுபோன கலியாணப் பேச்சை விடப் பெரிய காரணம் உங்களிடம் இருக்கிறது. அடுத்த கிளினிக் நாளன்று, திருமணம் செய்யும் எண்ணத்தில் இருக்கிறீர்கள் என்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி, இந்த மருந்து தொடர வேண்டுமா, வேறு மருந்துக்கு மாற வேண்டுமா, மருந்தே தேவையா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எந்த வைத்தியரும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இனி நோய்நிர்ணயத்துக்கு வருவோம். எழுதிய வைத்தியர் அலட்சியமாக எழுதிவிட்டார் என்ற முடிவோடு தொடங்காதீர்கள். வலிப்பு நோயை உறுதிசெய்யும் தனியான இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை சாதாரணமாக இருந்தாலும் நோய் இருக்கலாம். விழுந்தபோது பக்கத்தில் நின்றவர் என்ன பார்த்தார் என்பதே பெரும்பாலும் நோயைத் தீர்மானிக்கிறது. வெயில், விரதம், நெடுநேரம் நின்றது, நெருக்கடி ஆகியவற்றால் மூளைக்குப் போகும் இரத்தம் சில வினாடிகள் குறைந்து மயங்கி விழுகிறவருக்கும் கை கால் சில தடவை உதறும். இது வைத்தியர்கள் நன்கு அறிந்த விடயம். விழுந்தவரைத் தரையில் கிடத்திக் காலை உயர்த்துவதை விட்டு, நம் சனங்கள் வழக்கமாகச் செய்வதுபோல் தூக்கி நிமிர்த்தி இருத்திவைத்தால் அந்த உதறல் இன்னும் நீளும். அந்த நேரம் யாராவது ஓர் இரும்புத் துண்டைக் கையில் திணிப்பார்கள், அவர் எப்படியும் கண் விழிக்கப்போகிறவர்தான், பெயர் இரும்புக்குப் போய்விடும்.

விழுவதற்கு முன் வியர்த்ததா, கண் இருண்டதா, வயிற்றைப் பிரட்டியதா? முகம் வெளிறியிருந்ததா? உதறல் அரை நிமிடத்துக்குள் நின்றதா? கண் விழித்ததும் அம்மாவை அடையாளம் கண்டு பேசினீர்களா, அல்லது அரை மணி நேரம் தடுமாற்றத்தில் கிடந்தீர்களா? நாக்கின் பக்கவாட்டில் கடிபட்டிருந்ததா? முன்னறிகுறிகளும் விரைவான தெளிவும் மயக்கத்தின் பக்கம் சாய்கின்றன, நீண்ட தடுமாற்றமும் நாக்குக் கடியும் வலிப்பின் பக்கம் சாய்கின்றன. சிறுநீர் போயிருந்தால் அது இரண்டிலும் நடக்கலாம். அம்மாவையும், அன்று கூட வந்தவர்களையும் இருத்தி, தாங்கள் கண்ணால் கண்டதை மாத்திரம் அவரவர் சொற்களில் எழுதி, திகதியிட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து எழுதினாலும், எந்தப் பரிசோதனை அறிக்கைக்கும் குறையாத பெறுமதி அதற்கு உண்டு.

சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புச் சங்கம் 2014 இல் வெளியிட்ட வரைவிலக்கணத்தின்படி, வலிப்பு நோய் என்று பெயரிடுவதற்கு, தூண்டுதல் எதுவும் இல்லாமல் 24 மணி நேரத்துக்கும் அதிகமான இடைவெளியில் குறைந்தது இரண்டு வலிப்புகள் வந்திருக்க வேண்டும், அல்லது ஒரே ஒரு வலிப்பு வந்தவருக்கு அடுத்த 10 வருடங்களில் மீண்டும் வருவதற்கான வாய்ப்பு 60 சதவீதமாவது இருப்பதாகப் பரிசோதனைகள் காட்ட வேண்டும், அல்லது குறிப்பிட்ட வகை வலிப்பு நோய்த் தொகுதி ஒன்று அடையாளம் காணப்பட்டிருக்க வேண்டும். உங்களுடையது ஒரே நிகழ்வு. ஆகவே எந்த ஆதாரத்தில் அந்தப் பெயர் இடப்பட்டது என்று கேட்பது உங்கள் நியாயமான உரிமை.

அதற்கு விடை நீங்கள் வைத்திருக்கும் அட்டையில் இராது, விடுதியில் உங்களுக்காகத் திறக்கப்பட்ட பி.எச்.டி. (Bed Head Ticket) என்னும் பதிவேட்டில் இருக்கும். இந்தப் பிரதேச வைத்தியசாலைகளில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில், அதில் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். இரவில் அனுமதிக்கப்படும் நோயாளிக்குப் பயிற்சி வைத்தியர் முதற்குறிப்பை எழுதும்போது, ஐயத்துக்குரிய நோயின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போடுவது வழக்கம். ‘இதுவாக இருக்கலாம், பார்க்க வேண்டும்’ என்பது அதன் பொருள். மறுநாள் வீட்டுக்கு விடும்போது, முப்பது நாற்பது அட்டைகளுக்கிடையே இன்னொருவர் உங்கள் அட்டையை நிரப்புகையில் பெயர் மட்டும் இறங்கிவிடும், கேள்விக்குறி இறங்காது. கிளினிக் கொப்பி அட்டையைப் பார்த்து எழுதப்படுகிறது. அடுத்த மாதம் வரும் வைத்தியர் கொப்பியைப் பார்த்துக் குளிசை எழுதுகிறார். யாரும் பொய் எழுதாமலேயே ஓர் ஐயம் இப்படி நோயாகிவிடும். இன்னொன்றையும் பாருங்கள். தமிழ் தெரியாத இளம் வைத்தியர்கள் முதல் நியமனத்தில் வன்னிக்கு வருவதுண்டு. அம்மா தமிழில் சொன்னதை ஒரு சிற்றூழியர் இடையில் நின்று சொல்லியிருந்தால், எவ்வளவு நேரம் உதறியது, எப்போது தெளிந்தது என்பதெல்லாம் பதிவில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பதிவேட்டின் பிரதியைப் பெற இரண்டு வழி உண்டு. முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு அல்லது மருத்துவ அத்தியட்சகருக்கு, பெயர், அடையாள அட்டை இலக்கம், அனுமதிக்கப்பட்ட திகதி, விடுதி இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுச் சாதாரணமாக ஒரு விண்ணப்பம் கொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே காரியம் ஆகிவிடும். ஆகாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. அரச வைத்தியசாலை அந்தச் சட்டத்துக்குள் வரும் பகிரங்க அதிகாரசபை. ஒருவரின் மருத்துவப் பதிவைக் கொடுக்க மறுக்கலாம் என்று அதன் 5 ஆம் பிரிவு சொல்வதைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பக்கூடும். ஆனால் அந்த விலக்கு, பதிவுக்குரியவர் எழுத்தில் சம்மதித்தால் பொருந்தாது. இங்கே பதிவுக்குரியவரும் கேட்பவரும் நீங்களே என்பதால், ‘இதற்கு நான் சம்மதிக்கிறேன்’ என்ற ஒரு வரியை விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் அதை எழுதிப் பதிந்துகொள்ள வேண்டும். அப்படியொரு அலுவலர் நியமிக்கப்படவில்லை என்றால் நிறுவனத்தின் தலைவரே அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அவர் மூன்று வாரங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். விண்ணப்பம் கொடுத்த அன்றே பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதிலுள்ள திகதியிலிருந்துதான் அந்த 14 வேலை நாட்கள் எண்ணப்படும். வடக்கு மாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பிலேயே இருப்பதால், விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுவதற்குத் தயங்க வேண்டாம்.

யாழ்ப்பாண நிபுணரிடம் நீங்கள் தனியாகக் காட்டியதற்கு இந்தச் சட்டம் உதவாது, ஏனெனில் அது தனியார் மருத்துவ நிலையம். அவரிடம் நேரடியாகவே கடிதம் கேளுங்கள். துண்டுச் சீட்டு போதாது. எந்தத் திகதியில் பார்த்தார், யாரிடம் நிகழ்வைக் கேட்டறிந்தார், ஈ.ஈ.ஜி., ஈ.சி.ஜி. போன்ற எந்தப் பரிசோதனைகளைச் செய்து என்ன கண்டார், எதனால் மயக்கம் என்று கருதுகிறார், குளிசை பற்றிய அவரது பரிந்துரை என்ன என்பன அதில் இருக்க வேண்டும். கூடவே, உங்கள் கிளினிக் வைத்தியரிடம் யாழ். போதனா வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்கு ஓர் அனுப்புக் கடிதம் கேளுங்கள். மற்றொரு நிபுணரின் கருத்தைப் பெற விரும்புவது எந்த வைத்தியருக்கும் அவமதிப்பாகாது. அரச பக்கத்திலேயே நிபுணர் ஒருவர் எழுதிய குறிப்பு இருந்தால், கிளினிக்கில் உள்ளவருக்கும் திருத்துவது எளிதாகும். இல்லாவிட்டால் ஒரு மருத்துவ அதிகாரி தனக்கு மேலே உள்ள நிபுணரின் நோய்நிர்ணயத்தைத் தன் பேனாவால் மாற்றத் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது.

இப்போது உங்கள் முதன்மைக் கேள்வி. பழைய பதிவை அழிக்கும்படி கேட்காதீர்கள், கேட்டாலும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அன்றைக்கு வைத்தியர் என்ன பார்த்தார், என்ன எண்ணினார், அதனால் என்ன மருந்து கொடுத்தார் என்பதற்கு அந்த ஏடே சாட்சி. நாளைக்கு அந்தக் குளிசையால் உங்களுக்கு ஏதும் தீங்கு நேர்ந்தால், அதை ஏன் கொடுத்தார்கள் என்று காட்ட உங்களுக்கே அந்தத் தாள் தேவைப்படும். காணி உறுதியில் எல்லை பிழையாக இருந்தால் பழைய உறுதியைக் கிழித்துப் போடுவதில்லையே, திருத்த உறுதி ஒன்றை எழுதிப் பதிகிறோம். மருத்துவப் பதிவிலும் அதுவே முறை. பழைய வரி வாசிக்கக்கூடியதாகவே இருக்க, அதன் மேல் திகதியும் கையொப்பமும் கொண்ட புதிய குறிப்பு ஏற வேண்டும்.

அத்தான் கனடாவைச் சொன்னார் என்றீர்கள். அவர் இருப்பது ஒன்றாரியோ மாகாணமாக இருந்தால், அங்குள்ள 2004 ஆம் ஆண்டின் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் திருத்தம் கேட்கும் உரிமையைத் தருவது உண்மைதான். ஆனால் திருத்தும்போதும் பழைய தகவல் மறைந்துபோகக்கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் நிலை. வைத்தியர் நல்லெண்ணத்துடன் எழுதிய தொழில்சார் கருத்தை மாற்ற வேண்டிய கடமை இல்லை என்றும் அது வெளிப்படையாகச் சொல்கிறது. மறுக்கப்பட்ட நோயாளி, தான் உடன்படாததற்கான சுருக்கமான அறிக்கையைப் பதிவோடு இணைக்கச் செய்யலாம். அத்தானின் அன்பில் குறையில்லை, சட்டத்தைத்தான் அரைவாசி கேட்டிருக்கிறார். அந்த இணைப்பு அறிக்கை என்ற யோசனை மட்டும் நமக்கும் பயன்படும்.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன்னைப் பற்றிய பிழையான அல்லது நிறைவற்ற தரவைத் திருத்தக் கோரும் உரிமையை எழுத்தில் வைத்திருக்கிறது. சுகாதாரத் தரவை அது தனிக் கவனத்துக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. ஆகவே கோரிக்கையில் அதைக் குறிப்பிடலாம், அதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம்.

கோரிக்கைக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ‘எனது அட்டையில் வலிப்பு நோய் என உள்ளது. பதிவேட்டின் முதற்குறிப்பில் அது ஐயமாக மட்டுமே எழுதப்பட்டுள்ளது. நிகழ்வைக் கண்டவர்களின் கூற்றும் நரம்பியல் நிபுணரின் கடிதமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இவற்றைப் பரிசீலித்து, நோய்நிர்ணயம் மீளாய்வு செய்யப்பட்டதென்றும் அதன் முடிவு என்னவென்றும் எனது கிளினிக் கொப்பியிலும் வைத்தியசாலைப் பதிவிலும் திகதியுடன் குறிக்கவும், அதன்படி புதிய அட்டை ஒன்றை வழங்கவும் வேண்டுகிறேன். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் அறியத் தரவும், இக்கடிதத்தை எனது பதிவோடு இணைத்து வைக்கவும் வேண்டுகிறேன்.’ இவ்வளவு போதும். பதிவேட்டில் கேள்விக்குறி இல்லையென்றால் அந்த இரண்டாம் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், இல்லாததை எழுதினால் மீதியும் எடுபடாது. கோபத்தைக் கடிதத்துக்குள் கொண்டுவராதீர்கள். முதலில் உங்களைப் பொறுப்பேற்ற நிபுணருக்குக் கொடுத்து, பணிப்பாளருக்குப் பிரதியிடுங்கள்.

அங்கே நகராவிட்டால் முல்லைத்தீவு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், அதற்கும் மேல் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர். வைத்தியரின் நடத்தையில் பாரிய குறை இருந்தால் மட்டுமே இலங்கை மருத்துவ சபை. நோய்நிர்ணயத்தில் கருத்து வேறுபாடு என்பதற்காக அங்கே போவது, கதவைத் தட்டும் இடத்தில் சுவரை இடிப்பது போலாகும். நீதிமன்றம் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடங்களுக்குள் தொடர வேண்டும், அந்தக் காலம் எப்போது தொடங்கியது என்பதைச் சட்டத்தரணிதான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிழையான நோய்நிர்ணயம் என்று காட்டுவது மட்டும் போதாது, அதனால்தான் தீங்கு நேர்ந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். ஒரு குழந்தையின் மரணம் தொடர்பாக 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்த்த பிரபலமான வழக்கில், தந்தையின் கோரிக்கை தோற்றது அந்த இரண்டாவது படியில்தான். உங்கள் விடயத்தில் வழக்கு தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. ஆலோசனை வேண்டுமானால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

மீளாய்வின் முடிவு உங்களுக்கு எதிராகவும் வரலாம் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். நரம்பியல் நிபுணர் எல்லாவற்றையும் பார்த்து, இது வலிப்பு நோய்தான் என்று காரணத்தோடு சொன்னால், அதை ஏற்று மருந்தை மட்டும் உங்கள் வயதுக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ளுங்கள். முறையான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோய் உள்ளவர்களில் 70 சதவீதம் வரையானோர் வலிப்பு வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் திருமணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். நோயின் பெயரைக் கேட்டதுமே எழுந்து போகிற சம்பந்தத்தைப் பற்றி ஒரு வைத்தியர் கருத்துச் சொல்வது முறையல்ல, ஆகையால் விட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்தச் செய்தி வெளியே போன விதம் வேறு விடயம். நோய்நிர்ணயம் சரியா பிழையா என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. பதிவு முற்றிலும் சரியாகவே இருந்தாலும், வைத்தியரோ தாதியோ சிற்றூழியரோ அதை ஊரில் சொல்ல முடியாது. இந்த முறைப்பாட்டைத் திருத்தக் கோரிக்கையோடு கலக்காமல் தனிக் கடிதமாகப் பணிப்பாளருக்குக் கொடுங்கள், ஏனெனில் ஒன்று மருத்துவத் தீர்மானம், மற்றது ஒழுக்காற்று விசாரணை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் இரண்டும் ஆறிப்போகும். யார் யாரிடம், எப்போது சொன்னார் என்று உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ‘சொல்கிறார்கள்’ என்பதை வைத்து ஒருவரின் பெயரைக் குறிப்பிட்டால், அந்த அநியாயம் இப்போது உங்கள் பக்கத்திலிருந்து நடந்ததாகிவிடும். விசாரணை நடக்கவில்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம், அடிப்படை உரிமை சார்ந்த விடயங்களில் ஒரு மாதம் என்ற கால எல்லை முக்கியமாகிவிடுவதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

புதிய அட்டை கைக்கு வந்ததும், பழையதையும் அதையும் ஒன்றாக வைத்திருங்கள். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலோ, கர்ப்ப காலத்தில் குடும்பநல உத்தியோகத்தரிடமோ முன்பு வலிப்பு இருந்ததா என்று கேட்டால் இல்லை என்று மறைக்காமல், ஒரு தடவை மயங்கி விழுந்ததையும், முதலில் எழுதப்பட்டதையும், பின்னர் மீளாய்வில் கண்டதையும் சொல்லி இரண்டு அட்டைகளையும் காட்டுங்கள். விரத நாட்களில் வெயிலில் நிற்க நேர்ந்தால் தண்ணீர் குடியுங்கள், கண் இருளத் தொடங்கினால் வெட்கப்படாமல் அந்த இடத்திலேயே படுத்துவிடுங்கள்.